உன் சுண்டுவிரல் படம்

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அங்கே நீயும் மருமகளும் வாண்டும் நலமாக இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த இரண்டாவது பாதியை இனிமேல் நம்பி எழுத முடியுமா என்று தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறு. போன இரண்டு கடிதங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினேன், நீயும் போனில் அம்மா கலக்குறியே என்று பாராட்டினாய். இது கையால் எழுதுவது. வரி ஏறி இறங்கித்தான் இருக்கும், எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், நீ பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டும். நடுவில் மருமகளிடம் நீட்டி நீ படிச்சுச் சொல்லு என்று தப்பிக்காதே, இது உனக்கு மட்டும் எழுதியது.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. மாடித் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வந்து தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு நாளைக்கு வரேன்மா என்று போனார், அந்த நாளை போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அப்பா வழக்கம்போலப் பேப்பரை விரித்துக் குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டுகிறார். முந்தாநாள் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார், கடைசியில் அது ஃப்ரிட்ஜுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் எக்ஸ்ரே அறைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது, அதற்குள் இதையும் பழகிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை உன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மாதமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை, அதற்கும் ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். சம்பந்தியம்மா என்னை உட்காரவைத்துவிட்டுக் கதவு அகலத்துக்கு ஒரு டிவி வாங்கியிருக்கிறாரே, அதில் உங்கள் படங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். பூங்காவில் வாண்டு ஊஞ்சல் ஆடுகிற படம் வந்தது. அதே படம் என்னிடமும் இருக்கிறது, நீதான் அனுப்பினாய், நான் அதை ஆஸ்பத்திரியில் காட்டாத ஆள் இல்லை. ஆனால் அங்கே பார்த்தால் வாண்டின் கண் இமையை ஒவ்வொரு மயிராக எண்ணலாம். மேலுதட்டில் பால் காய்ந்த கோடு தெரிகிறது, சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருப்பது தெரிகிறது. என்னிடம் இருக்கும் படத்தில் வாண்டுக்கு இமையே கிடையாது. பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடைந்து போகிறது. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரிந்தது. ஏற்கெனவே வாண்டு அவரைப் பாட்டி என்றும் என்னைப் போன் பாட்டி என்றும் கூப்பிடுகிறது. அவர் அங்கே வந்து ஆறு மாதம் இருந்தார், தூக்கினார், குளிப்பாட்டினார், அதனால் அவர் பாட்டி, அது நியாயம்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். இப்போது இமையும் அவருக்குத்தானா?

அதோடு போயிருந்தால் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நாலு வார்த்தை புலம்பிவிட்டு விட்டிருப்பேன். அந்தப் படத்தில் நீயும் இருக்கிறாய், ஊஞ்சல் சங்கிலியை இடது கையால் பிடித்திருக்கிறாய். மற்ற விரல்கள் எல்லாம் சங்கிலியைச் சுற்றி மடங்கியிருக்கின்றன, சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் வெளியே சாய்ந்து நிற்கிறது. முப்பத்தொரு வருஷமாக ஊரார் எலும்பைப் பார்க்கிற கண் இது. அடி எலும்பு உடைந்து, கொஞ்சம் திரும்பி ஒட்டியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நான் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் உன் விரலைத் தொட்டுவிட்டேன். என்ன சம்பந்தி, டிவில ஏதாச்சும் ஒட்டியிருக்கா என்று அவர் முந்தானையால் துடைக்க வந்தார். பிறகு, ஓ விரலா, அதான் கார் கதவுல மாட்டிக்கிட்டாரே, மூணு மாசம் ஆச்சே, ஒங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை, வெள்ளையாகத்தான் கேட்டார், அதனால்தான் இன்னும் அதிகமாகக் குத்தியது. தெரியுமே, இப்ப எப்படி ஆறியிருக்குன்னுதான் பாக்குறேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற தோழியிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். சம்பந்தியம்மாவிடம் இருந்த படத்தை என் போனுக்கு மெயிலில் வாங்கி வந்திருந்தேன், அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, அதை விடு. அவருடையது ஆறு எம்.பி., என்னுடையது தொண்ணூற்று நாலு கே.பி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவருக்கு ஒரு முழுப் பேத்தி என்றால் எனக்கு அறுபத்து நாலில் ஒரு பங்கு பேத்தி. தோழி சிரித்தாள். ஒங்க பையன் ஒண்ணும் வஞ்சனை பண்ணல, அவங்களுக்குப் பொண்ணு அப்படியே நெட் ஆல்பத்துல போட்டுவிடுது, ஒங்களுக்கு இவரு மெசேஜ் ஆப்ல அனுப்புறாரு, அந்த ஆப்தான் சுருக்குது என்றாள். படம் என்பது கம்ப்யூட்டருக்கு வெறும் புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி நிறத்துக்கு எண், அது எனக்கே தெரியும். இந்த ஆப் என்ன செய்கிறதாம், முதலில் புள்ளிகளையே குறைத்துவிடுகிறது, பிறகு மிச்சத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, கட்டத்துக்குள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத வித்தியாசங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. குரலும் அப்படித்தான். ஒரு நொடியை ஆயிரக்கணக்கான துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் சத்தம் எவ்வளவு என்று எண்ணாக எழுதிக்கொண்டு, காது தேடாது என்று தோன்றுகிறதைக் கழித்துவிட்டு அனுப்புமாம். வாண்டு பேசுவது தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஏன் கேட்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வீடியோ இன்னும் மோசம், முதல் படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அப்புறம் எது அசைந்ததோ அதை மட்டும்தான் அனுப்புமாம். அதனால்தான் சில நாள் உன் முகம் அப்படியே நிற்க, வாய் மட்டும் தனியாக ஆடுகிறது.

கண்ணுக்குத் தெரியாது, காது தேடாது என்கிறார்களே, யாருடைய கண் என்று நான் அவளிடம் கேட்டேன். அம்மாக்காரி கண்ணையா அளந்து பார்த்தார்கள்? எங்கள் எக்ஸ்ரேயில் அந்த வேலையே கிடையாது. சாதாரணப் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருநூற்றுச் சொச்சம் படிகள் என்றால் எங்கள் படத்தில் நாலாயிரம் படிகள், ஒரு படிகூடக் குறையாமல் சேமிக்க வேண்டும், இடத்தை அடைத்தாலும் அடைக்கட்டும் என்று விட்டுவிடுவோம். ஒரு தடவை வார்டு டாக்டர் ஒருவர் அவசரத்துக்கு எக்ஸ்ரேயைத் திரையிலிருந்து போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார், அதில் எலும்பு பளிங்கு மாதிரி இருந்தது. எங்கள் பெரிய டாக்டர் அசலைத் திறந்து பார்த்தால் குறுக்கே மயிரிழை விரிசல். இது படமா, படத்தோட நெனப்பா என்று அவர் போட்ட சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நீ என்ன அனுப்பியிருக்கிறாய்? மூன்று மாதமாக எல்லாரும் நல்லா இருக்கோம்மா என்று எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பாய். ஆப் சுருக்கியது தெரியாமல் செய்தது, நீ சுருக்கியது தெரிந்து செய்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி. உன் எலும்பை வேறு யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்குக் காதில் புகை வருகிறது. அந்த ஆள் ஆணோ பெண்ணோ, உன் கையைத் தட்டில் எப்படி வைத்தார்? சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்து, பக்கத்து விரல் மேலே விழாமல் பஞ்சு வைத்தாரா? நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று எடுத்தாரா, இல்லை ஒன்றோடு ஆளை அனுப்பிவிட்டாரா? திரும்பி ஒட்டியிருக்கிறதைப் பார்த்தால் பக்கவாட்டுப் படம் எடுத்த மாதிரியே தெரியவில்லை. தட்டு சில்லென்று இருக்கும், நான் எப்போதும் வைக்கிறதுக்கு முன்னே சொல்லிவிடுவேன். உனக்குச் சொன்னார்களா? முன்பின் தெரியாத எத்தனை ஆயிரம் பேர் கையை நான் பதமாகப் பிடித்து வைத்திருக்கிறேன், என் பிள்ளை கையைப் பிடிக்க யாரோ ஒருவருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

இதையெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் கொட்டினேன். அவர் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த நிதானத்தைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. கதவு நசுக்கிய அன்றைக்கே நீ அவருக்குப் போன் பண்ணியிருக்கிறாய்! மூன்று மாதமாக ஒரே வீட்டில் ஒரு கல்லுளிமங்கனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். கேட்டதற்கு, அவன்தான் சொல்ல வேணாம்னான், எக்ஸ்ரேய அனுப்பு எக்ஸ்ரேய அனுப்புன்னு நீ அவன் உயிர எடுப்பியாம் என்றார். சம்பந்தியம்மாவுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது, நான் இந்த வீட்டில் யார் என்று கத்தினேன். உன் அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு என் வலது கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உன் ஆஸ்பத்திரியில் கேட்டு உன் விரல் எக்ஸ்ரேயின் அசல் ஃபைலை வாங்கு, கேட்டால் கொடுப்பார்கள். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் நான் பார்க்கவே மாட்டேன். தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரலை மெதுவாக மடக்கிப் பழகு, வலித்தால் நிறுத்து, வீம்புக்கு இழுக்காதே. வாண்டைத் தூக்கும்போது வலது கையில் தூக்கு. படங்களை எனக்கும் அந்த ஆல்பத்தில் போடச் சொல்லி மருமகளிடம் நீயே சொல், நான் கேட்டதாகச் சொல்லாதே.

இப்போது என் பங்கு. நீ கதவில் விரலைக் கொடுத்த ஒன்பதாம் நாள், எங்கள் எக்ஸ்ரே அறை வாசலில் துடைத்து ஈரம் காயாத தரையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு. என்னுடைய மெஷினிலேயே என் கையை வைத்து என்னோடு வேலை பார்க்கிறவள் படம் எடுத்தாள், தட்டு சில்லென்றுதான் இருந்தது. ஆறு வாரம் கட்டு. நீ கலக்குறியே என்று பாராட்டின அந்த இரண்டு கடிதமும் இடது கை ஒற்றை விரலால் தட்டியவை, ஒரு பக்கத்துக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. அடித்த எழுத்தில் எழுத்துக்கு ஒரு எண்தான் பதிவாகும், யார் கை, எந்த விரல், எத்தனை தடவை வலியில் நிறுத்தினாள் என்பது எதுவும் அதில் ஏறாது, அந்தத் தைரியத்தில்தான் அடித்தேன். கையால் எழுதியிருந்தால் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய், இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய். அவன்கிட்ட சொல்லாதீங்க, வேலையப் போட்டுட்டு ஓடி வருவான் என்று அப்பாவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் நான் கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நீ அங்கே உன் கையைக் கீழே வைத்துக்கொண்டு, எப்படிம்மா இருக்கே என்று நீ கேட்க நல்லா இருக்கேன்டா என்று நான் சொல்ல, நீ எப்படி இருக்கே என்று நான் கேட்க நல்லா இருக்கேம்மா என்று நீ சொல்ல, நடுவில் உன் அப்பா இரண்டையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்து தலையை ஆட்டியிருக்கிறார். அவர் எப்படித்தான் சிரிக்காமல் இருந்தாரோ.

கட்டு பிரித்தாகிவிட்டது, பயப்படாதே, லீவு போடாதே. கடித உறைக்குள் ஒரு சின்னப் பென்டிரைவ் இருக்கிறது. என் மணிக்கட்டின் மூன்று படங்களும் அதில் இருக்கின்றன, ஒரு புள்ளிகூடச் சுருக்காதது, திறந்து பார்க்கிற புரோகிராமும் அதிலேயே போட்டிருக்கிறேன். விரிசல் எங்கே என்று கண்டுபிடித்துச் சொல், பார்க்கலாம். வர்ற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இரண்டு பேரும் கையை மேசை மேலே வைத்துக்கொண்டு பேசுவோம். நீயும் மருமகளும் வாண்டும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கார் கதவைப் பார்த்துச் சாத்த வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். சனிக்கிழமை சம்பந்தியம்மா காபி கொடுத்தபோது நான் இடது கையால் வாங்கினேன், அவர் கவனிக்கவில்லை. என் கை விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது, தெரியக் கூடாது என்றுதான் மூன்று மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை. நீயும் சொல்லாதே, இது ஒன்றாவது அவருக்கு முன்னே உனக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வலது கையால் எழுதிய
உன் அம்மா