படத்தில் இருக்கும் இன்னொருத்தி

மிசிசிப்பி,
4 மார்ச் 2019

அன்புள்ள ஒடெஸா,

டெட்ராய்ட் பனியில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நாலு எழுதினால் நீ ஒன்று எழுதுகிறாய். என் வீட்டுக்காரர் லீராய் இறந்த பிறகு, பேச ஆளில்லாமல் இந்த வீடு என்னைத் தின்கிறது.

நேற்று நம் ஊரில் திறந்திருக்கும் கறுப்பர் உரிமைப் போராட்ட அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போனேன். அறுபதுகளில், வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்து சாப்பிடலாம் என்றிருந்த மருந்துக்கடைச் சிற்றுண்டி மேசையில் போய் உட்கார்ந்து எழ மறுத்தோமே, அதே மாதிரி மேசையும் நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களாம்மா? நாங்களும் போட்டோ எடுக்கணும்."

அன்று தலையில் தக்காளிச் சாற்றைக் கொட்டியும் எழாதவள், நேற்று எழுந்துவிட்டேன். சிரிக்கிறாயா?

சுவரில், அன்று அந்தக் கடையில் எடுத்த நம் படம். உன் பெயர் இருக்கிறது. பக்கத்தில், 'பெயர் தெரியாத பெண்'. அது நான்தான் என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னேன். "உங்களத் தெரிஞ்ச இன்னொருத்தர் சொன்னா மாத்திடலாம்மா" என்றார். உன்னைவிட்டால் யார் மிச்சம்? நீயே வந்து சொல்லேன். கெளுத்தி மீன் வறுத்து வைக்கிறேன்.

உன்
வெர்லீன்

டெட்ராய்ட்,
2 ஏப்ரல்

வெர்லீன்,

உன் கை மீனுக்கு ஆசைதான். ஆனால் வரமாட்டேனடி. அந்தப் படம் பத்திரிகையில் வந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அப்பா உள்ளே இருந்தார். சாகும்வரை அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஒரு வாய் காப்பிக்காடி அங்க போய் உக்காந்த?"

என் பெயரைச் சுவரில் மாட்டச் சொன்னது யார்? எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். நீ கேட்டபடி, பக்கத்தில் இருப்பது நீதான் என்றும் எழுதியிருக்கிறேன். இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

ஒடெஸா

மிசிசிப்பி,
20 மே

என் ஒடெஸா,

வேண்டாம் என்றாய். இந்த ஒருமுறை மட்டும் பொறுத்துக்கொள்.

பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார்கள். இப்போது என் பெயர் இருக்கிறது. நீதான் 'பெயர் தெரியாத பெண்'. நன்றி சொல்வதா, அழுவதா? இரண்டும் வரவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

டெக்சஸிலிருந்து வந்த ஒருவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, நீங்கதானா இது! உங்க கையப் பிடிச்சிட்டு இருக்காங்களே, அவங்க யாரு?"

உன் பெயர் வாய்வரை வந்துவிட்டது.

"தெரியாதுங்க" என்றேன்.

சரியாகத்தான் சொன்னேனா? அதையாவது எழுதடி.

வெர்லீன்