பதினொன்றாம் வகுப்புப் புத்தகம்

ஜூன் 18, வியாழன்

புதிய பிரின்சிபால் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இன்று பெற்றோர் கூட்டத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவது வழக்கம். இனி பதினொன்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான் என்று அவர் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க மேடம், பதினொண்ணுக்குப் பொதுத்தேர்வே இல்லைங்களே, அப்புறம் எதுக்குங்க அந்தப் புஸ்தகம்?" என்றார் வெண்ணந்தூர் தறிக்காரர் ஒருவர்.

பின்னாலிருந்து ஓர் அம்மாள், "டீ.சி.யைக் குடுத்துருங்க. அடுத்த ஸ்கூல் பஸ்சும் எங்க ஊட்டு வாசலுக்குத்தான் வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. நாலு பேர் டீ.சி. வாங்கினால் அவர் வேறு பிரின்சிபாலைத் தேடுவார்.

பிரின்சிபால் என் பக்கம் மைக்கை நீட்டினார். "சார் இங்கயே படிச்சு இங்கயே பிசிக்ஸ் எடுக்கறார். அவரே சொல்லட்டும்."

சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. கல்லூரி முதல் வருடத்தில் வெக்டர் என்றால் என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, விடுதியில் யாருக்கும் தெரியாதபடி செய்தித்தாள் அட்டை போட்டுப் படித்தேன்.

"நிர்வாகம் என்ன சொல்லுதோ அதுதான் மேடம்" என்றேன். அவர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வண்டியை எடுக்கும்போது அந்தத் தறிக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளைங்க சார், நீங்க அந்தம்மா பக்கம் சேரலை. எம் பையன் உங்களாட்டம் வந்துட்டாப் போதுமுங்க."

"வந்துருவானுங்க" என்றேன்.