மேசை விசிறிக்குக் கிடைத்த பாராட்டு

என் அக்கா பெற்ற கோபக்கார மருமகளே,

இந்தக் கதையை நீ நம்பப்போவதில்லை. உன் வீட்டுக்காரர் நம்பமாட்டார். பிறந்து ஒரு மாதமான உன் மகள்கூட உதட்டைப் பிதுக்குவாள். இருந்தாலும் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொன்னபோது குதித்தவன் நான். இப்போது கணினியில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். உடனே மேனேஜர் போன் செய்வார். அதற்குப் பயந்து தும்மலைக்கூட சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

குழந்தையைப் பார்க்க வரவேண்டுமே என்று, சுழலும் மேசை விசிறியின் கழுத்தில் மவுஸைக் கட்டிப் பார்த்தேன். விசிறி வேலையைப் பிய்த்து உதறியது. மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் உருகினார். "சீட்டை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறீங்களே சார், மத்தவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

அந்தத் தைரியத்தில் கிளம்பினேன். உன் வாசலில் நிற்கும்போது போன். என் வீட்டில் கரண்ட் போயிருக்கிறது.

"சார், மஞ்சளா தெரியுதே, எங்க இருக்கீங்க?"

"பாத்ரூம்ல சார்."

"பாத்ரூம்ல பஸ் ஹாரன் அடிக்குதா?"

குதிரைகள் வெட்கப்படும்படி ஓடி வீடு வந்து சேர்ந்தேன்.

மாமாவுக்கு வர மனசில்லை என்று அக்காவிடம் சொன்னாயாமே. விசிறி, பாராட்டு, தும்மல் எல்லாம் பொய் என்றே வைத்துக்கொள். உன் வாசல் கதவில் ஒரு குட்டிச் சிவப்புக் குல்லாய் தொங்கியதே, யார் மாட்டியது என்று தெருவெல்லாம் விசாரித்தாயாமே, அது மட்டும் உண்மை. உன் மகள் உள்ளே அழுததும் எனக்குக் கேட்டது.

இப்படிக்கு,
மஞ்சளாவதற்குள் எழுதி முடித்த
உன் மாமா