நாக்குக்கு அடியில் இருந்த சீட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, என்னோடு பேசுவதைத்தான் மூன்று நாளாக நிறுத்திவிட்டாள். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் போனில் நீ, "ஷூவைக் கையில எடுத்ததுமே உங்க தையல்னு தெரிஞ்சுடுச்சுப்பா" என்றாய். நானும் வெட்கமில்லாமல் ஆமாம்மா என்றேன். அது என் தையல் இல்லை. ஷூவின் மேல்பாகம் இங்கேயே தைத்ததாக இருந்தால்தான் இரு நாட்டு ஒப்பந்தப்படி உங்கள் பக்கம் சுங்க வரி கிடையாது என்று நீதான் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாய். "எங்கப்பா பட்டறையில வெளித்தையலே கிடையாது" என்று, ஷூ இறக்குமதி செய்யும் உன் கம்பெனி மேலாளரிடம் வாக்குக் கொடுத்து ஆர்டரும் வாங்கித் தந்தாய். கப்பல் தேதி நெருங்கும்போது தையல்காரர்கள் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். உன்னிடம் பத்து நாள் கேட்டிருக்கலாம். ஆனால் மகள் பெருமையைத் தெருவெல்லாம் பேசிய வாய்க்கு, முடியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வேறொரு நாட்டில் தைத்து வந்த மேல்பாகங்களைத் தரகரிடம் வாங்கி, அடிப்பாகம் மட்டும் ஒட்டினேன். ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஷூவின் நாக்குக்கு அடியில் தைத்திருந்த அந்த நாட்டுப் பெயர்ச் சீட்டுகளை நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாம் இங்கே தைத்தது என்று சான்றிதழில் கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கக்கூட இல்லை பாப்பா, அதை நினைத்தால்தான் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசுகிறது.

அன்று பட்டறை ஆணியில் மாட்டி மறந்துபோன சட்டையை இப்போது துவைக்க எடுத்தபோது, பையில் நாலைந்து சீட்டு அம்மாவிடம் சிக்கியது. "பொண்ணு தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டு உங்களுக்கு எப்படிச் சோறு இறங்குது?" என்று கேட்டாள். அதன் பிறகு தட்டு மட்டும்தான் வருகிறது.

சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்கு நேற்று உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சரக்கையும் நிறுத்திவிட்டேன். நம்பாவிட்டால் உன் கையில் இருக்கும் ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார், ஊசித் துளை தெரியும். உனக்கு எதுவும் தெரியாது என்பதற்கு இந்தக் கடிதம்தான் சாட்சி. அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று இதை அலமாரியில் பூட்டிவிடாதே, பிறகு அந்தச் சீட்டுகளை நீயும் சேர்ந்து பிரித்ததாகிவிடும். நாளைக்கே மேலாளர் கையில் கொடு, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

நீ தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, ஆசீர்வாதம் உண்டு.

சான்றிதழில் போட்ட அதே கையெழுத்தை, இந்த முறை உண்மைக்குப் போடும்,
அப்பா