பூசையில் வைத்த புத்தகம்

1996 ஒக்டோபர், சரஸ்வதி பூசை இரவு

நாளை காலை, கனடாவில் வக்கீலாவதற்கான ஒன்ராறியோச் சட்டத்தரணிப் பரீட்சை. வேலை முடிந்து பஸ் பிடித்து ஸ்காபரோ வந்து கதவைத் திறந்தால், என் மேசையில் ஒரு புத்தகமும் இல்லை. சாமிப் படங்கள் இருக்கும் குளோசெட் அலமாரிக்குள், பட்டுத் துணி சுற்றிய தடித்த கட்டு ஒன்று. பூசையில் வைத்த புத்தகத்தை விடியும்வரை தொடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வழக்குப் பேசியவள், என் கணவரின் அம்மாவான மாமியிடம் புத்தகத்தைக் கேட்கத் துணியாமல் கண் கலங்கி நின்றேன்.

“என்ன பிள்ளை, படிக்கேல்லையே?”

“புத்தகமெல்லாம் பூசையில எல்லோ, மாமி.”

“ஆர் சொன்னது? வீடு கூட்டேக்கை எடுத்து உன்ர கட்டிலில வைச்சனான். நாளைக்குச் சோதினை எண்டு எனக்குத் தெரியாதே?”

“அப்ப உதுக்குள்ள என்ன?”

“டெலிபோன் புத்தகம். சரஸ்வதிக்கும் ஏதாவது வைக்கத்தானே வேணும்.”

சிரித்தேன், அழுகையும் நிற்கவில்லை. இந்த மனுசி எனக்கு மாமியாக வாய்த்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது?

இப்போதுதான் படித்து முடித்துச் சாமி கும்பிடப் போனேன். கட்டின் மேல் மாமி குறையில்லாமல் சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறார். டெலிபோன் புத்தகம்தான். ஆனாலும் அதைத் தொடாமல், விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.