கடல் இல்லாத விளையாட்டு

இன்று ஞாயிறு. மாலை ஐந்தே கால் வரை இப்படித்தான்: டெலானிபூர் குவார்ட்டர்ஸில் என் வீட்டுத் தரையில் ஒரு பாய், பாயைச் சுற்றி நாலு பிள்ளைகள், நடுவில் ஒரு பகடை.

என் சண்டைக்கார அக்காவுக்கு,

பிள்ளைகள் இப்போதுதான் வீட்டுக்குப் போனார்கள். பதினோரு வருடமாகக் கரண்ட் லைனில் வேலை செய்கிறவன். ஷாக் எங்கே அடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.

உன் மகள் தூங்கவில்லை அக்கா. அன்றைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அந்தக் கப்பலில் நிவி தூங்கவே இல்லை.

இரு, முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ போனதிலிருந்து நிவி என்னோடுதான் இருக்கிறாள். அத்தான் ஹேவ்லாக் தீவில், அதே ரிசார்ட் சமையலறையில். லீவு கிடைக்கும்போது அவர் இங்கே வருகிறார். இவள் அங்கே போவதில்லை. மூன்று முறை டிக்கெட் எடுத்தேன். மூன்று முறையும் கப்பல் ஏறும் ஜெட்டி வரை வந்தாள், கப்பலைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் பதில் கிடையாது. உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. வாயாடி வயிற்றில் பிறந்தவள் இப்படி இருந்தால் நான் என்ன செய்வது?

அப்போதுதான் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இந்தக் கதை விளையாட்டைப் பற்றிச் சொன்னார். ஒருவர் கதையை ஆரம்பிப்பார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். "இப்போ நீ என்ன செய்வே?" என்று கேட்பார்கள். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதை எண் சொல்லும். பேசாத பிள்ளைகள்கூடப் பேசிவிடும் என்றார்.

என்னைத் தெரியுமே உனக்கு. இருப்பதிலேயே பெரிதை வாங்கினேன். சென்னையிலிருந்து பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்தால், டிரான்ஸ்பார்மர் மேனுவல்கூட அதைவிட ஒல்லி. ஏழு வகைப் பகடை. பாத்திரத்தை உருவாக்கி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ஷுபோ கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். பிள்ளைகளுக்கு இதை வாங்க நினைக்கிறவர்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: விதி ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும், பகடை ஒன்று போதும், ஒரு மணி நேரத்தில் கதை முடிய வேண்டும். எண் சரியாக விழாவிட்டாலும் பிள்ளை ஆட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. கதை வேறு பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். இதில்லாத எதையும் வாங்காதீர்கள்.

நான் இன்னொரு விதியும் சேர்த்துக்கொண்டேன், நிவிக்காக. கடல் இருக்கக் கூடாது. எல்லாரும் நல்லது என்று சொன்ன ஒரு விளையாட்டின் அட்டையில் கப்பல் இருந்தது. வேண்டாமென்று தள்ளினேன். கடைசியில் காட்டுக்குள் வாழும் எலிகளின் கிராமம் கிடைத்தது. வரைபடத்தில் மரம், குன்று, ஓடை. கடல் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் ஞாயிறே மூன்றாம் வீட்டு ரிஜு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, ஜெட்டி கிதர் ஹை?"

"இந்த ஊர்ல ஜெட்டி இல்லடா."

"தோ சப்ஜி கஹான் சே ஆத்தா ஹை?"

"காய்கறி அங்கேயே விளையும்."

"வெங்காயமுமா?" என்றாள் லஹரி, எதிர் வீட்டுத் தெலுங்குப் பெண். இங்கே வளர்ந்ததில் தமிழும் வரும் அவளுக்கு. "மாமா ஜூட் போல்ரஹே ஹை, பொய்! வெங்காயம் மெயின்லேண்ட்லேருந்துதான் வரும்."

கப்பல் வராமல் ஒரு ஊர் சாப்பிடும் என்பதையே அவர்கள் நம்பவில்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் ஜெட்டி வரைந்தார்கள். ஜெட்டி வந்தால் கடல் வராதா? நிவி நீலக் கலர் எடுத்து அந்த ஓரம் முழுக்கத் தீட்டினாள். நான் யோசித்து யோசித்து ஒதுக்கிய கடல் பத்தே நிமிடத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் வாரம் ஒருவர் கதை சொல்ல வேண்டும். இன்று நிவியின் முறை. "வேணாம்னா விடு, நான் சொல்றேன்" என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். பிள்ளைகளுக்காக ஹிந்தியிலேயே ஆரம்பித்தாள். உனக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னிக்கு எலி இல்ல. எல்லாரும் மனுஷங்க. கப்பல்ல வர்றீங்க. மழை. ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குது. பக்கத்துல அவங்க பொண்ணு. அப்பா சிக்னல் தேடி மேல போயிருக்கார். இப்போ என்ன செய்வீங்க?"

நான் பிஸ்கட் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டேன்.

"கேப்டன்கிட்ட போய் வேகமா ஓட்டச் சொல்றேன்" என்று ஷுபோ உருட்டினான். இரண்டு. "கேப்டன் ஓட்டிட்டுத்தான் இருக்கார். அலை விடல" என்றாள் நிவி.

ரிஜு ஹெலிகாப்டர் கூப்பிட்டான். ஒன்று. "மழைல வராது."

"ஏ, சீட்டிங்! இவ எல்லாத்துக்கும் இல்லன்னே சொல்றா!" என்று ரிஜு கத்தினான்.

"நான் சொல்லல. டைஸ் சொல்லுது."

லஹரி கேட்டாள், "அந்த ஆன்ட்டி என்ன சொல்றாங்க?"

நிவி பகடையை விரலால் திருப்பினாள். பிறகு அந்த ஒரு வரி மட்டும் தமிழில் வந்தது. "ஜன்னல் பக்கம் உக்காருடி கழுத. வாந்தி வராது."

அது உன் குரல் அக்கா. 'கழுத' என்று இழுப்பதுகூட உன்னுடையது.

அத்தான் கீழே வந்தபோது உனக்கு மூச்சு நின்றிருந்தது, இவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாளாம். "நல்லவேளை, புள்ள தூங்கிட்டா, எதையும் பாக்கல" என்று அவர் சொன்னார். நாங்கள் எல்லாரும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னோம். உன் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளை வைத்துக்கொண்டே சொன்னோம். நல்லவேளை, நல்லவேளை. அதைக் கேட்டுக்கொண்டு அவள் எப்படி நின்றிருப்பாள்? அதற்குப் பிறகு யாரிடம் போய், தான் தூங்கவில்லை என்று அவள் சொல்வாள்?

ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டுமா நான்? தெரியவில்லை.

அப்போது லஹரி பகடையை எடுத்தாள். "நான் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து கைய புடிச்சுக்கறேன்." உருட்டப் போனாள். நிவி சட்டென்று பகடையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இதுக்கு டைஸ் வேணாம்."

லஹரி நிஜமாகவே நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெட்டி வந்துடுச்சு. எல்லாரும் இறங்குங்க" என்று நிவி கதையை முடித்தாள். அந்த அம்மா பிழைத்தாளா என்று யாரும் கேட்கவில்லை. பிஸ்கட் கேட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா, அடுத்த ஞாயிறு ஹேவ்லாக்ல ஆடலாமா? அப்பாவும் ஆடட்டும். லஹரி வந்தா நான் வர்றேன்."

"சரி" என்றேன்.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே அத்தானுக்குப் போன் போட்டு, அவள் தூங்கவில்லை என்று சொல்வேன். அழுவார். அழட்டும்.

2. லஹரி வீட்டில் கேட்பேன். விடமாட்டோம் என்றால் அவள் அம்மாவையும் சேர்த்துக் கூட்டிப் போவேன்.

3. ஜன்னல் சீட் நிவிக்கு, பக்கத்து சீட் லஹரிக்கு. ஜெட்டி வரை வந்து திரும்பினாலும் நானும் கூடவே திரும்புவேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

4. கப்பலில் அவள் கண்ணை மூடிப் படுத்தால், தூங்கிவிட்டாள் என்று இனி ஒருபோதும் நினைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் தம்பி,
உன் மகளுக்குத் தாய்மாமன்