வீட்டுக்கு வந்த தூசி

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
6 பிப்ரவரி 2024

லின்சியின் அப்பாவுக்கு,

ரோசரி எழுதுவது. பதினொரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். லின்சி கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள். பேத்திக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நான் போன் செய்திருக்கலாம். நீங்கள் குடித்திருக்கிறீர்களா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலையை மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை.

உடம்பு சரியில்லாதது எனக்குத்தான். போன ஜூலையிலிருந்து மூச்சு வாங்குகிறது. தங்கை பிரான்சி வீட்டு மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தரம் உட்காருகிறேன். முதலில் டி.பி. என்று நாலு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். வலது விலாவில் ஊசி குத்தி மூன்று முறை நீர் எடுத்தார்கள். எடுக்க எடுக்க ஊறியது. கடைசியில் சதை எடுத்துப் பரிசோதித்து, நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் புற்றுநோய் என்கிறார்கள். மீசோதீலியோமா என்று பெயர். பிரான்சி ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள்.

டாக்டர் தஹ்ஸீன் என்று சின்ன வயசுப் பெண். "அம்மா, நீங்க ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி எதுலயாவது வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, நான் வீட்டுல மிஷின் வச்சுத் தைக்கிறவ" என்றேன்.

"வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். துவாக்குடி ஷெட்டில் பாய்லர் குழாய்களுக்கு வெள்ளைக் கயிறும் வெள்ளைத் துணியும் சுற்றினீர்களே, அது என்ன?

ரோசரி


பொன்மலைப்பட்டி
17 பிப்ரவரி 2024

மரியே வாழ்க

அன்புள்ள ரோசரிக்கு, பாக்கியநாதன் எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ கேட்டது கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்பதும் அதுதான். குழாய்ச் சூடு வெளியே போகாமல் இருக்கச் சுற்றுவோம். ஆனால் பதினாறு வருஷம் அதை அறுத்ததும் சுற்றியதும் நான். எனக்கு ஒன்றுமில்லையே. இன்றைக்கும் காந்தி மார்க்கெட்டுக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஷெட் பக்கமே வராத உனக்கு எப்படி வரும்? விறகு அடுப்புப் புகையாக இருக்கலாம். வேறு ஆஸ்பத்திரியில் காட்டலாம், நானும் கூட வருகிறேன்.

அறுக்கும்போது பறக்கிற தூசி ஆபத்து என்று எங்களுக்கு அப்போது ஒருத்தரும் சொன்னதில்லை. நாங்கள் என்னத்தைக் கண்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிரான்சியை விசாரித்ததாகச் சொல்.

பாக்கியநாதன்


ஸ்ரீரங்கம்
3 மார்ச் 2024

லின்சியின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். விறகுப் புகையால் இது வருவதில்லையாம். "அந்த நார் முடியை விட ரொம்ப மெலிசும்மா. மூச்சோட உள்ள போனா அங்கேயே தங்கிடும். முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுக்கூட நோய் வரும். அறுத்தவருக்கு வராமப் போகலாம், அவர் துணியைத் துவைச்சவங்களுக்கு வரலாம்" என்றார். அப்புறம், "அவர் சட்டையை உதறுவீங்களா?" என்று கேட்டார்.

உதறினேன். தினமும் சாயங்காலம் கொல்லைக் கதவருகில் நின்று காக்கிச் சட்டையையும் பேண்டையும் நாலு உதறு உதறுவேன். வெயிலில் தூசி மினுங்கும். தும்மிவிட்டுத் துணியை வாளியில் போடுவேன். கல்யாணமான எண்பத்தெட்டிலிருந்து ஷெட்டை மூடிய வருஷம் வரை, பதினாலு வருஷம். நீங்கள் வாசலுக்கு வரும்போதே லின்சி ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அந்தப் பேண்டில் முகத்தைப் புதைப்பாள். அது நினைவுக்கு வந்ததிலிருந்து என் நோய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. உங்களோடு வேலை பார்த்த வீரமலை அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். "தொண்ணூத்தி மூணுலயே நாங்க குளிக்க ரூம் கட்டிக் குடுத்தாங்களேம்மா. வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்கன்னு நோட்டீஸும் ஒட்டினாங்க. பாக்கியநாதன் சொல்லலையா?" என்றார்.

ஒருத்தரும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எது நிஜம்?

அது எப்படியிருந்தாலும், லின்சிக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நீங்களே சொல்லுங்கள்.

ரோசரி


பொன்மலைப்பட்டி
12 மார்ச் 2024

ரோசரிக்கு,

வீரமலை சொன்னதுதான் நிஜம்.

புதிதாக வந்த இன்ஜினியர் ஒரு நாள் எங்களைக் கூட்டி நிறுத்தினார். தூசி நெஞ்சுக்கு ஆகாது, குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு போங்கள், வேலைத் துணியை இங்கேயே துவையுங்கள் என்றார். நாற்பது பேருக்கு இரண்டு குழாய். வரிசையில் நின்றால் அஞ்சரை பஸ் போய்விடும். அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அது காரணமில்லை. பின்னாலிருந்து நான்தான், "துணி துவைக்கத்தானே சார் வீட்டுல ஆள் வச்சிருக்கோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். வீரமலை மட்டும் தினமும் குளித்துவிட்டுப் போவான். அவனைக் கேலி பண்ணுவோம்.

இவ்வளவு பெரிய நோய் வரும் என்று தெரியாது. ஆகாது என்று தெரியும். தெரிந்துதான் ஒன்பது வருஷம் அந்தச் சட்டையை உன் கையில் கொடுத்தேன். அதற்கு முன்னாலேயே உனக்குள் போன தூசியாகவும் இருக்கலாமே என்று மனசைத் தேற்றிப் பார்க்கிறேன். தேறவில்லை.

லின்சிக்கு நேற்று போன் செய்தேன். எடுத்ததும், "சாப்டீங்களாப்பா?" என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு ஒரு தரம் வந்து உன்னைப் பார்க்கட்டுமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

பாக்கியநாதன்


ஸ்ரீரங்கம்
28 மார்ச் 2024, பெரிய வியாழன்

லின்சியின் அப்பாவுக்கு,

சேர்ந்தாற்போல் நாலு வரி எழுத முடியவில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன்.

எந்த வருஷத்துத் தூசி என்று எனக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தில் உங்களுக்கு ஒதுங்க இடம் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். மன்னித்தேன் என்று நான் எழுத மாட்டேன். பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கக் கோயிலில் சாமியார் இருக்கிறார். நாற்பது பேர் சிரித்த அன்றைக்கும் வீட்டுக்கு வந்து என்னிடம் காப்பி கேட்டிருப்பீர்கள். நானும் போட்டுக் கொடுத்திருப்பேன். அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு வர வேண்டாம். இதற்குப் பதிலும் வேண்டாம்.

லின்சியிடம் நானே சொல்லிவிட்டேன். நோயின் பெயர், தூசி, சட்டை, சின்ன வயதில் அவள் உங்களைக் கட்டிக்கொண்டு நின்றது, எல்லாம். அவளுக்கு வராமலே போகலாம், ஆனால் என்றைக்காவது மூச்சு வாங்கினால் இந்த விவரத்தை முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார் தஹ்ஸீன். அதையும் அவளை எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பாவுக்கு இது அப்பவே தெரியுமாம்மா?"

"தெரியாதுடி" என்றேன்.

உங்களுக்காகச் சொல்லவில்லை. நான் போன பிறகு அவளுக்குப் பெற்றவர் என்று மிஞ்சுவது நீங்கள் ஒருவர். அதையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. இனி உங்களிடம் முன்னைவிடப் பிரியமாகத்தான் இருப்பாள். கோயம்புத்தூருக்குக் கூப்பிடுவாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டே, பாவம்ப்பா நீங்க, உங்களுக்கு என்ன தெரியும் என்பாள். ஒவ்வொரு தரமும் நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

ரோசரி